யூத வெறுப்புப் பேச்சைக் கையாள்வது எப்படி: ஊடக, மக்கள் தொடர்புப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

காஸா பற்றிய செய்தி ஒன்றை முகநூல் பக்கத்தில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே கருத்துப் பெட்டி நிரம்பிவிடும். "பள்ளிக்கூடத்து மேல குண்டு போடுது இஸ்ரேல், தட்டிக் கேட்க ஆளே இல்லையா?" என்று ஒருவர் கொதிப்பார். அதற்குக் கீழேயே இன்னொருவர், "ஹிட்லர் சும்மாவா இவனுங்கள கொன்னான்" என்று எழுதியிருப்பார். முதலாவது ஒரு அரசின் மீதான விமர்சனம், அதில் கை வைக்க உங்களுக்கு வேலையில்லை. இரண்டாவது யூத வெறுப்பு, அது அங்கே கிடக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து நீக்கும் பக்கங்களும் உண்டு, இரண்டையும் அப்படியே விட்டுவிடும் பக்கங்களும் உண்டு. இரண்டு வகையும் வாசகரின் நம்பிக்கையை இழக்கும்.

உதவி ஆசிரியர், நிருபர், சமூக ஊடகப் பொறுப்பாளர், தொண்டு நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் என எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். அடையாளம் காண வேண்டும், சொல்லைச் சரியாக வைக்க வேண்டும், பதில் தேவையா என்று முடிவெடுக்க வேண்டும், அதன் பிறகுதான் எழுத வேண்டும். புதியவர்கள் நேராகக் கடைசிப் படிக்குத் தாவுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

பழைய குற்றச்சாட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்று வாட்ஸ்அப்பில் வரும் யூத வெறுப்புப் பதிவுகளில் புதிதாக எதுவும் இருப்பதில்லை. குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற கதைக்கு வேர், 1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு சிறுவனின் சாவையொட்டி யூதர் மேல் கிளம்பிய கொலைப்பழி. கிணற்றில் நஞ்சு கலந்து கொள்ளைநோயைப் பரப்பினார்கள் என்ற வதந்தியால் 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொரோனா காலத்தில் அதே கதை ஆய்வகம், தடுப்பூசி என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. சொந்த நாட்டுக்கு விசுவாசமில்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டுதான் 1894இல் பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரி டிரைஃபஸைச் சிறைக்கு அனுப்பியது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகின் வங்கிகளும் ஊடகங்களும் அவர்கள் கையில் என்பது நான்காவது. நாஜிப் படுகொலையே நடக்கவில்லை, அல்லது எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்பது ஐந்தாவது.

தமிழ் இணையத்தில் நான்காவதுதான் அதிகம் புழங்குகிறது, அதுவும் இல்லுமினாட்டி என்ற பெயரில். இல்லுமினாட்டி என்பது 1776 மே 1 அன்று பவேரியாவில் ஆடம் வைஷாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிய ரகசியச் சங்கம். அடுத்த பத்தாண்டுக்குள் அரசு தடை விதித்து அது ஒழிந்துபோனது. இதில் யூதர் எங்கே வந்தார்கள்? பிரெஞ்சுப் புரட்சியை அந்தச் சங்கத்தின் தலையில் கட்டியவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதே பழியை யூதர்கள் மேல் மாற்றிப்போட்டார்கள். முக்கோணத்துக்குள் கண், டாலர் நோட்டு என்று விளையாட்டாகத் தொடங்கும் தமிழ்க் காணொளி பல நேரம் ராத்ஸ்சைல்டு என்ற யூத வங்கிக் குடும்பத்தில் வந்து நிற்பதற்கு இந்த வரலாறுதான் காரணம். மீம் போடுகிற பையனுக்கு யூதர் மேல் கோபம் எதுவும் இல்லாமலிருக்கலாம். அவன் கையில் வந்து சேர்ந்த கதைக்கு இருக்கிறது.

பெயர்ச்சொல்லில்தான் பெரும்பாலான பிழை

வெறுப்பைப் பரப்பும் எண்ணமே இல்லாத ஆசிரியர் குழு செய்யும் தவறு ஒன்று உண்டு. யார் செய்தார்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் தளர்வான சொல்லைப் போடுவது. உங்கள் அலுவலக நடைக் கையேட்டில் இந்த விளக்கங்கள் இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

யூதர்: மதத்தாலோ வம்சத்தாலோ யூதராக இருப்பவர். உலகம் முழுவதும் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள்.

இஸ்ரேலியர்: அந்நாட்டின் குடிமக்கள். ஐந்தில் ஒருவர் அரபு இனத்தவர்.

இஸ்ரேல் அரசு, இஸ்ரேல் ராணுவம், பிரதமர் அலுவலகம்: முடிவெடுப்பதும் செயல்படுவதும் இவை. செய்தியில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் எழுவாயாக வர வேண்டும்.

மேற்குக் கரைக் குடியேறிகள்: இஸ்ரேல் ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் குடியேறிய இஸ்ரேலியர். அங்கே நடக்கும் தாக்குதல்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல். 'யூதர்கள் தாக்கினர்' என்று எழுதினால் செய்தி மங்கிவிடும்.

சியோனிசம்: 1897இல் பாசெல் மாநாட்டில் அமைப்பு வடிவம் பெற்ற அரசியல் இயக்கம். எல்லா யூதரும் சியோனிஸ்ட் அல்லர், எல்லா சியோனிஸ்டும் யூதர் அல்லர். இதை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அரசியல் நிலைப்பாடு. ஆனால் 'சியோனிஸ்ட் வங்கிகள்', 'சியோனிஸ்ட் மூக்கு' என்று யாராவது எழுதினால் அந்த இடத்தில் 'யூத' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் கொஞ்சமும் மாறவில்லையென்றால் எழுதியவர் நினைத்ததும் அதைத்தான்.

'காஸாவில் யூதர்கள் குண்டுவீச்சு' என்ற தலைப்பை 'காஸாவில் இஸ்ரேல் குண்டுவீச்சு' என்று மாற்றினால் யாருக்கும் சலுகை காட்டியதாகாது. குண்டு போட உத்தரவிட்ட அரசின் பெயர் அப்போதுதான் தலைப்பில் வருகிறது. இடம் போதவில்லை என்ற சாக்கும் செல்லாது, 'யூதர்கள்' என்பதைவிட 'இஸ்ரேல்' ஓர் எழுத்து குறைவு.

பாலஸ்தீனச் சாட்சிகளின் பேட்டியில் ஒரு சிக்கல் வரும். பேச்சு வழக்கில் அவர்கள் இஸ்ரேல் படையினரை 'யஹூத்' (அரபியில் யூதர்) என்று சொல்வது உண்டு. மேற்கோளுக்குள் அதை 'இஸ்ரேலியர்' என்று மாற்றாதீர்கள், சொன்னதை மறைத்ததாகிவிடும். மேற்கோளை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அந்த வழக்கை விளக்குங்கள். ஒரு வரி போதும்.

இலங்கையில் பணியாற்றுவோருக்கு இந்தச் சிக்கல் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில் இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் கூடுவதும், அவர்களைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கக்கூடும் என்று 2024 அக்டோபரில் எச்சரிக்கை வெளியானதும் தெரிந்த செய்தி. சுற்றுலா விசாவில் வந்து தொழில் நடத்துகிறார்கள் என்ற உள்ளூர்க்காரர்களின் புகார் விசாரிக்க வேண்டிய நல்ல செய்தி. எந்தக் கடை, யார் பெயரில் உரிமம், விசா விதி என்ன சொல்கிறது, பிரதேச சபை என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதலாம். 'யூதர்கள் கிழக்கைப் பிடிக்கிறார்கள்' என்று தலைப்பு வைத்த உடனேயே விசா, உரிமம் எல்லாம் காணாமல் போய்விடும். புகார் செய்த கடைக்காரருக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை.

விமர்சனமா, வெறுப்பா

இதில் உலக அளவிலேயே ஒத்த கருத்து இல்லை. சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூதப் படுகொலை) நினைவுக் கூட்டணி 2016 மே 26 அன்று ஏற்ற யூத வெறுப்பு வரையறையைப் பல அரசுகள் பின்பற்றுகின்றன. அதிலுள்ள எடுத்துக்காட்டுகள் இஸ்ரேல் மீதான விமர்சனத்தை நெரிக்கின்றன என்று கருதிய அறிஞர்கள் 2021 மார்ச்சில் ஜெருசலேம் பிரகடனத்தை வெளியிட்டார்கள். இரண்டையும் படியுங்கள், நீளமான ஆவணங்கள் அல்ல. மற்ற நாடுகள் மீது வைக்கப்படுவது போன்ற விமர்சனம் யூத வெறுப்பு ஆகாது என்று முதல் வரையறையே சொல்கிறது. அதை எடுத்துக்காட்டி எதிராளியின் வாயை அடைக்கப் பார்ப்பவர்கள் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அன்றாட வேலைக்கு இந்தக் கேள்விகள் உதவும். கோபம் ஒரு செயல் மேலா, பிறப்பின் மேலா? சொன்னதை ஆதாரம் காட்டி மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவ முடியுமா, அல்லது எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் 'அதுவும் அவங்க சதிதான்' என்று போகும் பேச்சா? எங்கோ பாரிஸில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் யூதரை இஸ்ரேல் அரசு எடுத்த முடிவுக்குப் பதில் சொல்ல வைக்கிறதா?

போர் நிறுத்தம் கேட்பது, பொருட்களைப் புறக்கணிக்கச் சொல்வது, இனப்படுகொலை நடக்கிறது என்று குற்றம் சாட்டுவது எதுவும் தன்னளவில் யூத வெறுப்பு அல்ல. தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கே இந்தக் கடைசிக் குற்றச்சாட்டில்தான். இதற்கெல்லாம் யூத வெறுப்பு என்று முத்திரை குத்திவிட்டால், உண்மையான வெறுப்பைச் சுட்டும்போது உங்கள் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

பதில் சொல்வதா, விடுவதா

எதைச் செய்வதற்கு முன்பும் பதிவைச் சேமியுங்கள். முகவரி, கணக்குப் பெயர், தேதி, நேரம், பகிர்வு எண்ணிக்கை எல்லாம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். இணையக் காப்பகத்தில் ஒரு பிரதி போடுங்கள். காணொளி என்றால் எத்தனையாவது நிமிடம் என்று குறியுங்கள். புகார் கொடுத்த பிறகு பதிவு நீக்கப்பட்டுவிட்டால் இது ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

பிறகு அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். தொடங்கிய வட்டத்தை விட்டு வெளியே வந்திருக்கிறதா? அரசியல்வாதியோ நடிகரோ வேறு ஊடகமோ எடுத்துப் பேசியிருக்கிறார்களா? உங்கள் வாசகர்கள் 'இது உண்மையா' என்று கேட்கிறார்களா? எதுவும் இல்லையென்றால் தளத்தில் புகார் கொடுத்துவிட்டு, கோப்பில் போட்டு வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது. நாற்பது பேர் பார்த்த பொய்யை நாற்பதாயிரம் பேருக்குக் கொண்டுபோகும் வேலையை மறுப்பே செய்துவிடும். 'பாருங்க இந்தக் கொடுமையை' என்று மேற்கோளிட்டுப் பகிர்வதும் பகிர்வுதான். திட்டுகிறீர்களா புகழ்கிறீர்களா என்று அல்காரிதத்துக்குத் தெரியாது.

குறிப்பிட்ட ஆள், வீட்டு முகவரி, யூதரின் ஜெப ஆலயம் என்று குறிவைத்த மிரட்டல் என்றால் மறுப்புக் கட்டுரை எழுதும் நேரம் அதுவல்ல. காவல்துறைக்கும் தளத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். உரியவருக்கும் சொல்ல வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுப்பு எழுதும் முறை

தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். எல்லா யூதரையும் கொன்றிருப்பேன், ஏன் கொன்றேன் என்று உலகுக்குப் புரியட்டும் எனச் சிலரை விட்டு வைத்தேன் என்று ஹிட்லர் படத்தோடு வரும் வரி.

புதியவர் வைக்கும் தலைப்பு: 'சில யூதர்களை விட்டு வைத்தேன் என்று ஹிட்லர் சொன்னாரா?' வாசகர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போவார், அந்த வரி மனதில் தங்கும், கேள்விக்குறி உதிர்ந்துவிடும். தலைப்பில் உண்மையை வையுங்கள்: 'ஒருவரையும் விட்டுவைக்க நாஜிகள் திட்டமிடவில்லை: வான்ஸே கூட்டக் குறிப்பு காட்டுவது என்ன'.

முதல் பத்தியும் உண்மைதான். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் புறநகரான வான்ஸேயில் ஒரு மாளிகையில் நாஜி அரசின் அதிகாரிகள் 15 பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பில் நாடு வாரியாக யூதர் எண்ணிக்கைப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். ஜெர்மனி கைப்பற்றியே இராத இங்கிலாந்தின் 3,30,000 பேரும் அயர்லாந்தின் 4,000 பேரும் அதில் உண்டு. அல்பேனியாவின் 200 பேரைக்கூட எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது பத்தியில் பொய்யை ஒரே ஒரு முறை, சுருக்கமாகச் சொல்லுங்கள்: ஹிட்லர் பெயரில் சுற்றும் அந்த வரிக்கு அவருடைய பேச்சுகளிலோ எழுத்துகளிலோ ஆதாரம் இல்லை. மூன்றாவதாக, அது எப்படி ஏமாற்றுகிறது என்று காட்டுங்கள். கொலை செய்தவனை நியாயவானாக்கி, கொல்லப்பட்டவர்கள் மேல் பழியைத் தள்ளுகிறது. கடைசியில் திரும்பவும் உண்மை: சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் பிழைத்ததில் ஹிட்லரின் கருணைக்கு இடமில்லை. அவருடைய படை எட்டாத இடத்தில் இருந்தவர்களும், 1945 மே மாதம் அது தோற்றபோது உயிரோடு எஞ்சியவர்களும்தான் பிழைத்தார்கள்.

மொத்தம் 150 முதல் 200 சொற்கள் போதும். அட்டையாகப் போட்டால் 25 சொற்களுக்குள். மூலப் படத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் 'பொய்' என்ற சொல்லைப் படத்தின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே போடுங்கள். மூலையில் சின்னதாக முத்திரை வைத்தால் வெட்டிவிட்டு மறுபடி சுற்றவிடுவார்கள்.

எண்ணை வைத்து வரும் பொய்க்கு இன்னொரு வழி. அந்த எண் எங்கே பிறந்தது என்று தேடுங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று 4,000 யூதர்கள் இரட்டைக் கோபுரத்துக்கு வேலைக்கு வரவில்லை என்ற வதந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் நடந்த பகுதிகளில் இருந்திருக்கலாம் என்று கருதப்பட்ட சுமார் 4,000 இஸ்ரேலியர்களின் பெயர்கள் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்துக்கு வந்திருப்பதாக மறுநாள் ஜெருசலேம் போஸ்ட் எழுதியது. ஊரில் இருந்தவர்கள் தம் மக்களைத் தேடித் தவித்த பட்டியல் அது. சில நாளில் லெபனானின் அல்-மனார் தொலைக்காட்சி வழியாக அது 'வேலைக்கு வராத 4,000 பேர்' என்று ஆனது, பிறகு 'இஸ்ரேலியர்' போய் 'யூதர்' வந்தது. இந்தப் பாதையை அப்படியே வரைந்து காட்டினால் 'பொய், நம்பாதீர்கள்' என்ற அறிவுரைக்கு வேலையே இருக்காது.

மூன்றாவது வழி நூறாண்டுப் பழசு, இன்னும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. யூதத் தலைவர்கள் உலகைப் பிடிக்கத் தீட்டிய திட்டம் என்று 1903இல் ரஷ்யாவில் அச்சான போலி ஆவணத்தை லண்டனின் தி டைம்ஸ் நாளிதழே 1920 மே மாதம் ஏறக்குறைய நம்பி எழுதியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அதே இதழின் நிருபர் பிலிப் கிரேவ்ஸ், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மொரிஸ் ஜோலி 1864இல் எழுதிய நூலிலிருந்து அது திருடப்பட்டது என்று இரண்டின் பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஜோலியின் நூலில் யூதர் சதியே கிடையாது. உங்களிடம் இரண்டு ஆவணம் இருந்தால் விளக்கத்தைக் குறைத்துவிட்டு இரண்டு நெடுவரிசையாக அடுக்குங்கள்.

இன்னொரு குழி நம் நாட்டில் ரொம்ப ஆழமானது. யூத வெறுப்பைக் கண்டிக்கிறோம் என்று தொடங்கி முஸ்லிம்களை ஏசி முடிப்பது. இருவர் மீதான வெறுப்புக்கும் ஒரே விதி, ஒரே தண்டனை என்று பக்கத்தின் கொள்கையில் எழுதி வையுங்கள். அப்படி எழுதாத பக்கத்தை நடுநிலை என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

கருத்துப் பெட்டி

மத்திய கிழக்குச் செய்தி ஏறினால் முதல் இரண்டு மணி நேரம் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். இயந்திர வடிகட்டியை நம்பி விட்டுவிடாதீர்கள். முழுச் சொல்லைப் பார்க்கும் வடிகட்டியில் 'யூதன்' என்று போட்டால் 'யூதனை', 'யூதனுக்கு', 'யூதப்பயலுக' எதுவும் சிக்காது. 'யூத' என்று வேரைப் போட்டால் ஒழுங்கான கருத்துகளும் மாட்டும். எனவே நேரடியாக நீக்கும் பட்டியலில் வைக்காமல், பார்த்துவிட்டு விடும் பட்டியலில் வையுங்கள். தங்கிலீஷில் ஒரே சொல்லை ஐந்தாறு விதமாக எழுதுவார்கள், அத்தனையும் சேர்க்க வேண்டும். ஒருவர் யூதர் என்று குறிக்கப் பெயரைச் சுற்றிப் போடும் மூன்றடுக்கு அடைப்புக்குறி, Jews என்பதற்குப் பதில் juice என்று எழுதும் 'ஜூஸ்' சொல் விளையாட்டு, யூதர்களை விரட்டிய நாடுகள் என்று சொல்லப்படும் 109 என்ற எண் ஆகியவை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சங்கேதங்கள்.

முகநூலில் 'மறை' என்பதை அழுத்தினால் எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். வசையை மறைக்கலாம், மிரட்டலைச் சேமித்துவிட்டு நீக்குங்கள். தளத்துக்குப் புகார் தரும்போது எந்த விதி என்று சுட்டுங்கள். யூதப் படுகொலையை மறுக்கும் பதிவுகளை யூடியூப் 2019 ஜூனிலும் முகநூல் 2020 அக்டோபரிலும் தடை செய்தன. தமிழ்ப் பதிவு என்றால், புகாரில் இடம் இருக்கும்போது, எழுதியதன் பொருளை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள்.

படம், கார்ட்டூன், தாக்குதல் செய்தி

யூதர் என்ற சொல் வந்த உடனே கறுப்புத் தொப்பியும் நீண்ட தாடியுமாக ஒருவர் படத்தைத் தேடி ஒட்டுவது மேசைப் பழக்கம். அது வைதீக யூதரில் ஒரு பகுதியினரின் உடை மட்டுமே. 1568இல் கட்டிய கொச்சி பரதேசி ஜெப ஆலயத்து யூதர்களும் யூதர்களே. வங்கி, பணம் பற்றிய கட்டுரைக்கு அந்தப் படத்தைப் போட்டால் படமே வெறுப்பைச் சொல்லிவிடும்.

கார்ட்டூனில் வளைந்த மூக்கு, உலக உருண்டையைப் பிடித்த ஆக்டோபஸ், பொம்மலாட்டக் கயிறு மூன்றும் நாஜிப் பிரசாரத்தில் ஊறியவை. நெதன்யாகுவை வரையுங்கள், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும். யூதரின் அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தை அவர் கழுத்தில் தொங்கவிடும்போது மட்டும் ஒரு முறை யோசியுங்கள். 2019 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸின் சர்வதேசப் பதிப்பு அவரை அந்த நட்சத்திரம் தொங்கும் நாயாக வரைந்த கார்ட்டூனை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் அந்தப் பதிப்பில் அன்றாட அரசியல் கார்ட்டூனையே நிறுத்திவிட்டது. கவனமாகப் பார்க்க ஒருவரை வைத்திருந்தால் கார்ட்டூன் பிழைத்திருக்கும் என்பது நம் எண்ணம்.

தாக்குதல் செய்தியில் கொலையாளியின் அறிக்கையையும் அவர் எடுத்த காணொளியையும் தொடாதீர்கள். 2019 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதரின் புனித நாளான யோம் கிப்பூர் தொழுகையின்போது வந்தவர் நேரலை போட்டுக்கொண்டே சுட்டார். பார்வையாளர்களைத் தேடித்தான் அந்த நேரலை. ஆலயத்தின் கதவு, காவல் ஏற்பாடு பற்றிய விவரங்களையும் வெளியிட வேண்டாம். பேட்டிக்கு அழைப்பதாக இருந்தால் வெள்ளி மாலை சூரியன் மறைந்தது முதல் சனி இரவு வரை ஓய்வுநாள் என்பதால் மதப்பற்றுள்ள யூதர்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். 'பதிலளிக்க மறுத்துவிட்டார்' என்று அதற்குள் எழுதிவிடாதீர்கள். எடுத்ததும் முதல் கேள்வியாகக் காஸாவைக் கேட்பதும் வேண்டாம்.

உங்கள் தரப்பிலேயே தவறு நடந்தால்

'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்பது மன்னிப்பு அல்ல. என்ன வெளியிட்டோம், அது ஏன் தவறு, சரியான தகவல் எது, இனி யார் சரிபார்ப்பார்கள் என்ற நான்கும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். ஐந்தாறு வரி போதும்.

மன்னிப்பு, பொய் போன அதே வழியில் போக வேண்டும். ஹென்றி ஃபோர்டின் டியர்பார்ன் இண்டிபென்டன்ட் வார இதழ் 1920 மே முதல் 91 வாரம் தொடர்ந்து யூதர்களுக்கு எதிராக எழுதியது. கார் முகவர்கள் வழியாக நாடெங்கும் விற்றது, நூலாகவும் வந்தது. 1927இல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு இதழையும் மூடினார். நூலை நிறுத்தச் சொல்லியும் ஜெர்மன் பதிப்பு நிற்கவில்லை. காணொளியில் சொன்ன பொய்யைக் காணொளியிலும், ஷார்ட்ஸில் சொன்னதை ஷார்ட்ஸிலும் திருத்துங்கள். பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழிக்காமல், அதன் தலைப்பிலேயே 'திருத்தப்பட்டது' என்று போட்டு, முதல் பின்னூட்டமாகத் திருத்தத்தைப் பொருத்தி வையுங்கள். வெட்டி எடுத்துப் பகிர்ந்த பெரிய பக்கங்களுக்கும் திருத்தத்தை ஒவ்வொன்றாக அனுப்புங்கள். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள், ஆனாலும் அனுப்பியதற்குப் பதிவு இருக்கட்டும்.